ஓடிய இயந்திரமா, நின்ற இயந்திரமா? பழையது வாங்கும் வணிகர்கள் கவனத்திற்கு



சுங்குவார்சத்திரத்தில் மளிகைக் கடை நடத்திவரும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் எங்கள் கிட்டங்கிக்கு வந்திருந்தார். கடையில் இரண்டு ஃப்ரீசர் வைத்திருக்கிறார். மின்வெட்டுக்கு ஒரு 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வேண்டும். இரண்டு இடத்தில் பார்த்து வைத்திருந்தார். ஒன்று ஒரகடம் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருப்பது. நான்கு வருடமாக நிற்கிறது. மணி மீட்டரில் 300 மணி நேரம்கூடக் காட்டவில்லை. பெயிண்ட் புதிது போல் இருக்கிறது. இன்னொன்று நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருக்கும் ஒரு உணவகத்தில் இருப்பது. மேலெல்லாம் கரி, எண்ணெய்ப் பிசுக்கு. 5,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். "எதை எடுக்கலாம் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் முதலாவதைத்தான் சொல்வார்கள். 2017-ல் நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போய்ப் பணத்தைக் கொடுத்தோம். அதனால் கற்றதை, பிறருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

நம் பகுதியில் நின்றுபோன இயந்திரம் ஏன் இவ்வளவு?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் வளாகங்கள் வரிசையாக இருக்கும் இந்தத் தடத்தில் புதிய இயந்திரங்கள் வந்து இறங்குவதை எல்லாரும் பார்க்கிறோம். பழையவை வெளியே போவதைக் கவனிப்பவர்கள் குறைவு. அவை போகும் வழி ஏலக்காரர், தரகர், காயலான் கடை. அந்த வழியில்தான் நம் போன்ற வணிகர்களின் கைக்கு ஜெனரேட்டர், ஃப்ரீசர், பாக்கெட் போடும் மிஷின், தராசு, கை ட்ராலி, ரேக் எல்லாம் வந்து சேருகின்றன.

முதலாவது காரணம் மின்வெட்டு. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012-ல் சென்னை நகருக்கு 2 மணி நேர வெட்டு என்றால் மற்ற மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. அப்போது கடன் வாங்கியாவது ஜெனரேட்டர் போடாத ஆலை இல்லை, கல்யாண மண்டபம் இல்லை. பிறகு மின்சாரம் சீரானது. ஜெனரேட்டர்கள் கொட்டகையில் நின்றன. இன்று "குறைந்த மணி நேரம் ஓடியது" என்று விலைக்கு வருபவற்றில் பல இப்படி நின்றவை.

இரண்டாவது, ஆலைகள் மூடியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, வருமான வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டதால் மைக்ரோசாஃப்ட் வாங்கிய வியாபாரத்தில் சேர முடியாமல் தனித்து நின்று, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அதை நம்பியிருந்த கேன்டீன்காரர்கள், வேன்காரர்கள், விடுதிகள், அவர்களுக்குச் சரக்குக் கொடுத்த மளிகைக்காரர்கள் எல்லாருக்கும் அது விழுந்த அடி. எங்கள் பேரேட்டில் அன்று எழுதிய வராக்கடன் வரிகள் சில இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது 2019 நவம்பரில்தான். 2020-ல் அங்கே மறுபடியும் வேலை தொடங்கியது. நடுவில் ஐந்து ஆண்டுகள். சுவரும் கூரையும் ஐந்து ஆண்டு காத்திருக்கும். பெரிய ஆலையை அண்டியிருந்த சின்னச் சின்னத் தொழில்களின் மோட்டாரும் கம்ப்ரஸரும் அப்படிக் காத்திருக்கவில்லை. அவை ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன.

அதற்குப் பிறகு 2015 டிசம்பர் வெள்ளம். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. ஒவ்வொரு முறையும் ஏராளமான இயந்திரங்கள் ஒரே நாளில் நின்றன. ஒரே நாளில் நின்ற இயந்திரத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. அதை யாரும் முறையாக நிறுத்தி வைத்திருக்க மாட்டார்கள். சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

எங்கள் கதை

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் வந்தது. எங்கள் பகுதியில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. சிறிய குளிர் அறை ஒன்று வைத்திருக்கிறோம். புளி, பேரீச்சை, வெண்ணெய், பன்னீர் இருக்கும். வாடகை ஜெனரேட்டர் கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்றார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தோம். 40 கே.வி.ஏ. புதியதற்கு எங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளி 4,60,000 ரூபாய். பழையது பார்த்தோம்.

மூடிய தொழிற்கூடம் ஒன்றில் நின்றதற்கு 2,15,000 கேட்டார்கள். மீட்டரில் 412 மணி நேரம். ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நாளெல்லாம் ஓடியதற்கு 1,65,000. மீட்டரில் 6,870 மணி நேரம். உடன் வந்த மெக்கானிக் மண்டபத்துச் செட்டின் பக்கமே சாய்ந்தார். "அண்ணாச்சி, மீட்டரைப் பாக்காதீங்க, ஹோஸை அமுக்கிப் பாருங்க" என்று நின்ற செட்டின் ரேடியேட்டர் ரப்பர் குழாயைக் காட்டினார். காய்ந்த புளியம்பட்டை போல் விரைப்பாக இருந்தது. ஒரு குழாய்தானே, 500 ரூபாய் சமாசாரம் என்று எங்களுக்குத் தோன்றியது. விற்றவர் புதிய பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து இணைத்துப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். சத்தம் சுத்தமாக இருந்தது. லோடு எதுவும் இணைக்கவில்லை. பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாங்கள் பணத்தைக் கொடுத்தோம்.

மே மாதம் ஒரு இரவு, காற்றோடு மழை. மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடி, குளிர் அறையைத் தாங்கியது. நாற்பது நிமிடத்தில் நின்றது. டாங்கின் அடியில் வருடக்கணக்கில் படிந்திருந்த கசடு, ஓடிய அதிர்வில் கலங்கி ஃபில்டரை அடைத்துவிட்டது. மறுநாள் ஃபில்டர் மாற்றி ஓட்டியபோது ஆல்டர்னேட்டரில் ஒரு வெடிப்புச் சத்தம், வைண்டிங் கருகியது. ஈரம் ஏறியிருந்த சுருளுக்கு முழு லோடும் கொடுத்தால் வேறென்ன ஆகும்! அடுத்த மூன்று நாளில் வெண்ணெயும் பன்னீரும் போயின. ஏறக்குறைய 40,000 ரூபாய்ச் சரக்கு.

சிட்டையில் எழுதி வைத்த கணக்கை இங்கே தருகிறோம். வைண்டிங் 34,000. டீசல் பம்பும் இன்ஜெக்டரும் 38,000. டாங்கு சுத்தம், ஃபில்டர், ஆயில் 11,500. ரப்பர் குழாய், பெல்ட், ஆயில் சீல் 14,000. பேட்டரி 9,000. ஒரு சிலிண்டரில் துருப்பிடித்து ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங்கும், கழற்றியதால் மாற்ற வேண்டி வந்த கேஸ்கட்டுகளும் 21,500. மொத்தம் 1,28,000. ஆக 3,43,000-க்கு ஒரு பழைய ஜெனரேட்டர். சரக்கு நஷ்டம் தனி.

மண்டபத்துச் செட்டை வாலாஜாபாத் நண்பர் ஒருவர் வாங்கினார். வாங்கியவுடன் 22,000 செலவு செய்தார். நன்றாக ஓடியது. மூன்றாம் வருடம் என்ஜினைப் பிரித்து வேலை பார்க்க 70,000 ஆனது. அவருக்கு மொத்தம் 2,57,000. அவருக்கும் செலவு இல்லாமல் இல்லை. ஆனால் அது வரும் என்று அவருக்கு முன்பே தெரியும், மெக்கானிக் சொல்லியிருந்தார். புகை கறுக்கத் தொடங்கியதும் சீசன் இல்லாத மாதம் பார்த்து நிறுத்தி வேலை செய்துகொண்டார். எங்களுக்கோ செலவு நடுராத்திரியில் வந்தது.

நிற்கும்போது இயந்திரத்துக்கு என்ன ஆகிறது?

ஓடினால் தேயும், நின்றால் தேயாது என்பது நம் எண்ணம். உலோகத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. ஆனால் இயந்திரத்தில் உலோகம் மட்டுமா இருக்கிறது? ரப்பர், எண்ணெய், கிரீஸ், வார்னிஷ் பூசிய செம்புக் கம்பி, பேட்டரி, எலெக்ட்ரானிக் அட்டை எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு வயது மணிக் கணக்கில் ஓடுவதில்லை, வருடக் கணக்கில் ஓடுகிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் காயும். ஓடும் இயந்திரத்தில் ஆயில் சீல் எப்போதும் எண்ணெயில் நனைந்திருக்கும். நின்றதில் மேல்பக்கம் காய்ந்து, ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து, ஓட்டிய மறுநாள் ஒழுகும்.

என்ஜின் ஓடும்போது சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் இருக்கும். நின்றால் சில மாதங்களில் வழிந்து இறங்கிவிடும். வால்வு திறந்த நிலையில் நின்ற சிலிண்டருக்குள் வெளிக்காற்றின் ஈரம் போகும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு மூட்டை தானாகவே கசிவதை நாம் பார்க்கிறோம். அதே ஈரம்தான் சிலிண்டருக்குள்ளும் மோட்டார் சுருளுக்குள்ளும் போகிறது. ஓடும் மோட்டார் தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது.

பேரிங் விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். சுற்றாத பேரிங்கும் கெடும். பக்கத்தில் வேறு மிஷின் ஓடும் அதிர்வில், நின்றிருக்கும் பேரிங்கின் குண்டுகள் ஒரே இடத்தில் நுணுக்கமாக ஆடிக்கொண்டே இருக்கும். இடையில் உள்ள கிரீஸ் விலகி, உலோகம் உலோகத்தைத் தொட்டு, வரிசையாகப் பள்ளம் விழும். அமெரிக்காவில் ரயிலில் ஏற்றி அனுப்பிய புத்தம் புதிய கார்களின் சக்கர பேரிங்குகள் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் கெட்டுப்போயிருந்ததைக் கண்டுதான் பொறியாளர்கள் இந்தக் கோளாறைப் புரிந்துகொண்டார்கள். ஆகவே, ஓடிக்கொண்டிருந்த மாவு மிஷின்களுக்கு நடுவே இரண்டு வருடம் சும்மா நின்ற மோட்டாரை "ஓடவே இல்லை சார்" என்று சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம்.

டீசல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு மேல் டாங்கில் கிடந்தால் பிசினாகும். டாங்கின் காலி இடத்தில் ஈரம் குளிர்ந்து தண்ணீராகி அடியில் சேரும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளி போல் படியும். எங்கள் ஃபில்டரை அடைத்தது அதுதான். ஈய பேட்டரி சார்ஜ் இல்லாமல் சில மாதம் கிடந்தால் தகட்டில் வெள்ளை உப்புக் கட்டி, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர், மோட்டார் வேகம் மாற்றும் டிரைவ் இவற்றில் உள்ள கெபாசிட்டர்கள் ஓரிரு வருடம் மின்சாரம் காணாமல் இருந்தால் உள்ளே உள்ள படலம் நலிந்துவிடும். எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுத்தால் சில சமயம் வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அது தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் உறவினர் ஒருவர் மசாலாத் தூள் பாக்கெட் போடும் பழைய மிஷின் வாங்கினார். இரும்பெல்லாம் தங்கம் போல் இருந்தது. உள்ளே இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சின்ன பேட்டரி. மின்சாரம் இல்லாதபோது மிஷினின் ஞாபகத்தைக் காப்பது அதுதான். மூன்று வருடத்தில் அது தீர்ந்து, ப்ரோக்ராம் முழுதும் அழிந்துவிட்டது. தயாரித்த கம்பெனி அப்போது இல்லை. புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்து ப்ரோக்ராம் எழுதி வாங்க, மிஷின் வாங்கிய விலையில் பாதி ஆனது.

எலியைப் பற்றி மளிகைக்காரர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நின்ற இயந்திரத்தின் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள் என்பது மட்டும் போதும்.

நின்றாலும் கெடாதவை

இவ்வளவு சொன்னதால் நின்ற பொருளையெல்லாம் ஒதுக்க வேண்டியதில்லை. இரும்பு ரேக், எவர்சில்வர் மேஜை, கல்லுரல், கை சீலர், பாத்திரங்கள், எளிய சூட்டுக் கம்பி வைத்த சாதனங்கள் இவற்றை நின்றதாகவே வாங்கலாம். தேய்மானம் இல்லாத லாபம் முழுதும் நமக்கு. கை ட்ராலிக்கு எண்ணெய் சீல் கிட்டு மாற்றினால் சரியாகிவிடும், செலவும் சிறிது.

பெட்டி ஃப்ரீசர் நடுத்தரம். அதன் கம்ப்ரஸர் மூடி வைத்துப் பற்றவைத்தது. தண்டு வெளியே வராது. ஆகவே காயக்கூடிய சீல் அதில் இல்லை. கதவு ரப்பர், எலி கடித்த கம்பி, அரித்த காயில் இவற்றைப் பார்த்து, முழு ராத்திரி ஓட்டிப் பனி கட்டுகிறதா என்று பார்த்தால் போதும். தகட்டில் ஆர்-12 வாயு என்று போட்டிருந்தால் தொட வேண்டாம். பொதுப் பயன்பாட்டுக்கு அந்த வாயுவின் உற்பத்தி நம் நாட்டில் 2008-லேயே நின்றுவிட்டது. அவ்வளவு பழைய ஃப்ரீசர் இன்னுமா வருகிறது என்று கேட்பீர்கள். வருகிறது.

இன்னொரு வகையும் உண்டு: முறையாக உறங்க வைக்கப்பட்டது. சில பெரிய ஆலைகளில் இயந்திரத்தை நிறுத்துவதையே ஒரு வேலையாகச் செய்வார்கள். டீசலை வடித்து, என்ஜினுக்குள் காப்பு எண்ணெய் ஊற்றி, துரு தடுக்கும் காகிதம் சுற்றி, மின்பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பை வைத்து, பேட்டரியைக் கழற்றி, மாதம் ஒரு முறை தண்டைக் கையால் சுற்றி, அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். அப்படி ஒரு காற்றுக் கம்ப்ரஸரை ஒரகடத்தில் 2019-ல் வாங்கினோம். மூன்று வருடம் நின்றது. இன்று வரை பெல்ட்டும் எண்ணெயும் தவிர வேறு செலவு இல்லை. நோட்டில் இருந்த கையெழுத்துகளைப் பார்த்துத்தான் அதற்குக் கேட்ட விலையைக் கொடுத்தோம்.

ஓடியதிலும் உள்ள வினை

தினமும் ஓடியது என்றால் கண்ணை மூடி வாங்கலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நன்றாக ஓடும் ஒன்றை ஒருவர் ஏன் விற்கிறார்? இடம் மாறுகிறார், பெரியது வாங்குகிறார், தொழிலை விடுகிறார் என்றால் சரி. "சும்மாதான்" என்றால் எழுந்துவிடுங்கள். வாங்க வருபவருக்காக அடித்த புதுப் பெயிண்ட், மாற்றிய மணி மீட்டர், மூன்று முறை வைண்டிங் செய்த மோட்டார், கனமான என்ஜின் ஆயில் ஊற்றி அடக்கிய சத்தம் இவையெல்லாம் ஓடியவற்றில்தான் அதிகம். ஓடியதில் உள்ள நன்மை ஒன்றே ஒன்று: அதன் நோய் வெளியே தெரியும். லோடில் வைத்து ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் புகை சொல்லும், சூடு சொல்லும், சத்தம் சொல்லும். நின்றதன் நோய் முதல் மாதம் ஓடிய பிறகுதான் தெரியும். அந்த மாதம் அது நம் கையில் இருக்கும்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. தொடங்கும்போது கொஞ்சம் வெண்புகை வந்து மறைந்தால் பயமில்லை. சூடான பிறகும் நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. லோடு ஏற்றும்போது ஓயாத கரும்புகை என்றால் இன்ஜெக்டர் அல்லது காற்று அடைப்பு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே பிடித்தால் குபுகுபுவென்று காற்று வந்தால் ரிங் போய்விட்டது. ஆயில் குச்சியில் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

பார்க்கப் போகும்போது

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனாலும், "நான் வரும் வரை ஓட்டாதீர்கள்" என்று சொல்லுங்கள். போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்புவதில் ஏதோ சிரமம் இருக்கிறது.

நின்ற இயந்திரமென்றால் எடுத்தவுடன் சாவியைத் திருப்ப விடாதீர்கள். முதலில் டாங்கின் அடித்திருகைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீரும் கசடும் கீழே தங்கும். பிறகு தண்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு எலெக்ட்ரீஷியனை விட்டு மெக்கர் வைத்துச் சுருளின் காப்பைப் பாருங்கள். நம் 415 வோல்ட் சாதனத்துக்கு 1 மெகா ஓமுக்கும் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்கவோ லோடு ஏற்றவோ கூடாது. விளக்கு வைத்தோ சூடு காற்று விட்டோ உலர்த்த வேண்டும். எங்கள் 34,000 ரூபாய்க்கும் இந்தச் சோதனை ஒன்று போதுமாயிருந்தது. செய்ய ஆகும் நேரம் கால் மணி.

எத்தனை வருடம் நின்றது என்று விற்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஆறு மாதம்தான்" என்பார்கள். மின் கட்டண ரசீதுகளைக் கேளுங்கள். எந்த மாதத்திலிருந்து தொகை விழுந்து வெறும் நிலைக்கட்டணமாக நிற்கிறதோ, அந்த மாதம் தொழில் நின்றது. இயந்திரத்தோடு இருக்கும் பேட்டரியில் தேதி இருக்கும். டயர் உள்ளதென்றால் அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கடைசியாக ஆயில் மாற்றிய சீட்டைத் தேடுங்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு இது மெக்கானிக்கின் வேலையைவிட எளிது.

வெள்ளத்தில் மூழ்கியதா என்பதைத் தனியாகப் பாருங்கள். 2015-க்குப் பிறகு பல வருடம் அப்படிப்பட்டவை கழுவிப் பெயிண்ட் அடித்து "நின்ற சாமான்" என்ற பெயரில் வந்தன. இப்போதும் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வருகின்றன. பெட்டிக்குள் மூலைகளில் வண்டல் கோடு, மின் முனைகளில் பச்சைப் பூப்பு, ஆணியின் அடியில் துரு இவை மறையாது.

ஏலத்தில் எடுப்பவர்கள் வங்கியின் அறிவிப்பை முழுதும் படிக்க வேண்டும். "எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படி, என்ன உள்ளதோ அது" என்று போட்டிருப்பார்கள். பிறகு ஒரு புகாரும் செல்லாது. பெரும்பாலும் அங்கே மின் இணைப்பே துண்டித்திருக்கும். ஓட்டிப் பார்க்க வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் செய்வது இது: இரும்பு, செம்பு எடை எவ்வளவு, காயலான் கடையில் இன்று என்ன விலை என்று முதலில் கணக்கிடுகிறோம். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் சூதாட்டம் என்று எண்ணிக்கொண்டுதான் கேட்கிறோம். கழற்றும் கூலி, கிரேன், லாரி, கெடு தாண்டினால் இடவாடகை எல்லாம் நம் தலையில். ஜி.எஸ்.டி. மேலே வரும்; பெரும்பாலான இயந்திரங்களுக்கு 18 சதவீதம். முறையான பில் இல்லாமல் எடுத்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. 20,000 ரூபாய் மலிவு என்று நினைத்தது அதிலேயே போய்விடும்.

தராசைப் பற்றியும் சொல்ல வேண்டும். நின்ற மேடைத் தராசின் மேல் மூட்டை அடுக்கி வைப்பது நம் பழக்கம். மாதக்கணக்கில் பாரம் ஏறியிருந்த தராசு சரியான எடை காட்டும் என்று நம்ப முடியாது. நடுவிலும் நான்கு மூலையிலும் எடைக்கல் வைத்துப் பாருங்கள். எடையளவுச் சட்டம் 2009-ன்படி முத்திரை இல்லாத தராசை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும், பழுது பார்த்தால் மறுபடியும் வேண்டும். பழைய முத்திரையைக் காட்டி விற்பவரிடம் ஏமாற வேண்டாம்.

விலை பேசும் முறை

நின்ற இயந்திரத்துக்கு "எழுப்பும் செலவு" என்று ஒரு தொகையை நாங்கள் எழுதிக்கொள்கிறோம். எல்லா ரப்பரும், எல்லா ஆயிலும், எல்லா ஃபில்டரும், பேட்டரி, டீசல் பம்ப் சர்வீஸ், சுருள் உலர்த்தல். இவற்றில் எது கெட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை; எல்லாம் மாற்ற வேண்டும் என்றே வைத்துக்கொள்கிறோம். மூன்று வருடத்துக்கு மேல் நின்றதென்றால் சுருள் கட்டுவதையும் சேர்க்கிறோம். ஓடிய இயந்திரத்துக்கு, அடுத்த பெரிய பழுதுக்கு இன்னும் எத்தனை நாள், அதற்கு எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேட்டு அதைக் கழிக்கிறோம். 2017-ல் இப்படிக் கணக்கிட்டிருந்தால் அந்த 412 மணி நேரச் செட்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டிருக்க மாட்டோம். ஒரு லட்சத்துக்குக் கிடைத்திருந்தால் அது நல்ல கொள்முதல்தான். இதை மறைக்கக் கூடாது: பழுதெல்லாம் பார்த்த பிறகு அந்தச் செட் இன்றும் ஓடுகிறது. இரும்பு புதிது அல்லவா?

2023 ஜூலை 1 முதல் புதிய ஜெனரேட்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்து அவற்றின் விலை கணிசமாக ஏறிவிட்டது. அதனால் பழையவற்றுக்குக் கிராக்கி. நம் கடைகளில் நின்றிருக்கும் செட்டுக்கும் அதே கிராக்கி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை அரை மணி நேரமாவது, மூன்றில் ஒரு பங்கு லோடு ஏற்றி ஓட்டுங்கள். லோடு இல்லாமல் ஓட்டினால் டீசல் சரியாக எரியாமல் புகைக்குழாயில் கரியும் எண்ணெயுமாகப் படியும். அது ஓட்டாததைவிடக் கேடு. ஓட்டிய தேதியை ஒரு நோட்டில் எழுதி அங்கேயே தொங்கவிடுங்கள். விற்கும் நாளில் அந்த நோட்டுக்குத் தனி விலை கிடைக்கும்.

சுங்குவார்சத்திரத்து இளைஞருக்கு இவ்வளவும் சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரம் தொலைபேசியில் பேசினார். கம்பெனிச் செட்டின் டாங்கில் பாட்டில் பிடித்தபோது பாதி தண்ணீர். மெக்கர் வைக்கலாமா என்று கேட்டதற்கு காவலாளி முதலாளியைக் கேட்க வேண்டும் என்றாராம். முதலாளி பதில் சொல்லவில்லை. உணவகத்துச் செட்டைக் காலை 6 மணிக்குப் போய்க் குளிர்ந்த நிலையில் கிளப்பி, அவர்களுடைய ஃப்ரீசர், மிக்சி, விளக்கு எல்லாவற்றையும் ஏற்றி ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார். கரும்புகை கொஞ்சம். மெக்கானிக் இன்ஜெக்டர் வேலை 9,000 ஆகும் என்றிருக்கிறார். அதைக் கழித்து விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம்.

"கம்பெனிச் செட்டை விட்டுவிட்டாயா?" என்று கேட்டோம்.

"இல்லை அண்ணாச்சி, அதுக்கு 45,000 தான் தருவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். கொடுத்தா எடுத்து, பழுது பாத்து வித்துடலாம்" என்றார்.